உட்காரும் இடத்தில் தொடங்கும் பாடம்: தளி வட்டார அங்கன்வாடி ஒன்றின் ஓராண்டு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மையம் கிருஷ்ணகிரி மாவட்டம் தளி வட்டாரத்தில், கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருக்கிறது. ஊர்ப் பெயரையோ, அங்கே வேலை பார்ப்பவர்கள், குழந்தைகள், பெற்றோர் பெயர்களையோ இதில் சொல்லவில்லை. சின்ன ஊர்; ஓர் அடையாளம் கொடுத்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அரசுக் காகிதத்தில் அது அங்கன்வாடி மையம், ஊர்க்காரர்கள் வாயில் பால்வாடி. பணியாளரை டீச்சர் என்றும் உதவியாளரை ஆயா என்றும் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன்.

முன்பருவக் கல்விப் பயிற்சிகளுக்குக் கருத்தாளராகப் போய்வருகிறேன். அப்படி ஒரு பயிற்சியில் பாகுபாடு பற்றிப் பேச்சு வந்தபோது இந்த டீச்சர் எழுந்து, "எங்க சென்டர்ல அந்தப் பேச்சே கிடையாது. எல்லாப் பிள்ளைங்களும் ஒண்ணாத்தான் உட்காருது, ஒண்ணாத்தான் சாப்பிடுது" என்றார். ஒப்புக்குச் சொன்ன பேச்சில்லை, அவர் அதை நம்பினார். "நீங்களே வந்து பாருங்க" என்றும் அழைத்தார். நல்ல டீச்சர். கதை சொல்ல ஆரம்பித்தால் வாசலில் கீரைக்கூடையோடு நிற்கும் பாட்டிகூட உட்கார்ந்து கேட்பார். குழந்தையை அடிக்கமாட்டார், அதட்டமாட்டார். அதனால்தான் இந்த மையத்தைத் தேர்ந்தெடுத்தேன். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லாத ஒரு வகுப்பறையில் பாகுபாடு எந்த வழியாக உள்ளே வருகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஒரு கல்வியாண்டு முழுக்க அவ்வப்போது போய் மூலையில் உட்கார்ந்து எழுதினேன். எழுதியதை அவரிடமே படித்துக் காட்டினேன். இதை வெளியே சொல்ல அவர் சம்மதித்திருக்கிறார்.

ஊரும் பிள்ளைகளும்

தர்மபுரியில் இருந்து 2004-ல் பிரிந்த கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரம் ஒரே மொழி பேசும் நிலமாக எப்போதும் இருந்ததில்லை. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கேட்கும். சந்தையில் மூன்று மொழியில் பேரம் பேசாத வியாபாரி கிடையாது. இந்த மையத்தில் பதிவாகியிருந்த இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளில் வீட்டில் தமிழ் பேசுபவர்கள் பாதிக்கும் குறைவு. ஊர்த்தெருவில் நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் சில தெலுங்கும் சில கன்னடமும் பேசுகின்றன. ஊருக்குக் கிழக்கே, ஓடையைத் தாண்டி இருக்கும் அருந்ததியர் குடியிருப்பிலும் தெலுங்குதான். ரோஜாத் தோட்டத்துப் பசுமைக்குடிலில் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பம் ஒன்றின் பையனும் இருந்தான்.

ஊர்த்தெருவில் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் பால்வாடிக்கு வருவதில்லை. காலையில் மஞ்சள் வேன் வந்து இங்கிலீஷ் மீடியம் நர்சரிக்கு அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. பாகுபாட்டின் முதல் வேலையை அந்த வேன் செய்துவிடுகிறது என்பதை இந்த ஆய்வு முழுவதும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சரிக்கட்டத்தான் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரியில் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியது. இந்த மையம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆக, மையத்துக்குள் இருப்பது ஊர்த்தெருவின் நடுத்தர, ஏழைக் குடும்பங்களும் ஓடைக்கு அப்பால் உள்ள குடும்பங்களும்தான். இரண்டு பக்கத்துக்கும் கூலி வேலைதான். ஆனாலும் இரண்டு பக்கம்.

மூலையில் இருந்து பார்த்தது

அறையில் இரண்டு பாய் விரித்திருக்கும். ஒன்று கரும்பலகையை ஒட்டி, இன்னொன்று கதவை ஒட்டி. யாரும் யாரையும் எங்கும் உட்காரச் சொல்வதில்லை. ஊர்த்தெருப் பிள்ளைகளைத் தாத்தா, பாட்டி சீக்கிரமே கொண்டுவந்து விடுகிறார்கள். அவர்கள் முன்பாயில் உட்காருகிறார்கள். ஓடைக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகள் அக்கா, அண்ணன் கையைப் பிடித்து நடந்து வருவதால் தாமதம். கதவோரம் இருக்கும் பாயில் உட்காருகிறார்கள். டீச்சர் சொன்னது போல எல்லாரும் ஒரே அறையில் ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் சீக்கிரம் வந்துவிட்ட ஒரு நாளிலும் ஓடைப்பக்கத்துப் பையன் ஒருவன், நான்கு வயது இருக்கும், முன்பாய் காலியாகக் கிடக்க, கதவோரப் பாயில் போய் உட்கார்ந்ததைப் பார்த்தேன். அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அது அவன் இடம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

தண்ணீர்க் குடம் ஜன்னலோரத்தில். பக்கத்தில் மையத்து டம்ளர்கள் கவிழ்த்து வைத்திருக்கும். ஊர்த்தெருப் பிள்ளைகளில் பலர் வீட்டில் இருந்து டம்ளரும் தட்டும் கொண்டுவந்தார்கள். "பிள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்று ஒரு தாய் காரணம் சொன்னார். ஆக, மையத்து டம்ளரில் குடிப்பவர்கள் யார் என்பது தானாகவே முடிவாகியிருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஆயாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபதை நெருங்கும் பெண்மணி, முழங்கால் வலியோடு நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்பவர். முன்வரிசைத் தட்டில் கரண்டி தட்டைத் தொடும். சாதத்தைப் போட்டுக் கரண்டியின் முதுகால் ஒரு தட்டுத் தட்டிப் பரப்பிவிடுவார். பின்வரிசைக்கு வரும்போது கை ஒரு சாண் மேலே எழும்பும். சாதம் மேலிருந்து விழும். அளவில் ஒரு பருக்கை குறையாது. முட்டை போடும் நாளில் முட்டையும் அப்படித்தான்: முன்வரிசைக்குக் கையில் கொடுப்பார், பின்வரிசைக்குத் தட்டில் போடுவார். இதைக் குறிப்பேட்டில் இருந்து படித்துக் காட்டியபோது டீச்சர் நெடுநேரம் பேசவில்லை. மறுநாள் அவரே பார்த்துவிட்டு, "ஆமா" என்று மட்டும் சொன்னார்.

மொழியில் நடந்ததுதான் எனக்கு மிகவும் உறைத்தது. டீச்சருக்குத் தெலுங்கு நன்றாக வரும், அவர் வளர்ந்த ஊர் அப்படி. ஊர்த்தெருவின் தெலுங்குப் பிள்ளை "நீள்ளு" என்று கேட்டால் தெலுங்கிலேயே பதில் சொல்லித் தண்ணீர் தருவார். ஓடைப்பக்கத்துப் பிள்ளை அதே "நீள்ளு" கேட்டால், "தண்ணி வேணும்னு சொல்லு" என்று தமிழில் திருத்துவார். ஏன் என்று கேட்டேன். "இவங்க ஸ்கூலுக்குப் போனா தமிழ் வேணுமே, இப்பவே பழகட்டும்னுதான்" என்றார். அக்கறையோடு சொன்ன காரணம். ஆனால் அந்த அக்கறை ஒரு பக்கத்துக்கு மட்டும் கிடைத்தது. அந்தப் பிள்ளைகள் கொஞ்ச நாளில் தண்ணீர் கேட்பதையே விட்டுவிட்டு நேராகக் குடத்தடியில் போய் நின்றார்கள்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். காக்கா வேஷம் எப்போதும் ஒரே கருப்பான சிறுமிக்குத்தான். பாய் சுருட்டுவது பையன்கள், கூட்டுவது பெண்பிள்ளைகள். "காலனிப் பசங்க" என்ற சொல் பெரியவர்கள் வாயில் சர்வசாதாரணமாக வந்தது. 2025 ஏப்ரலில் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களில் இருந்து நீக்குவதாக முதலமைச்சர் சட்டப்பேரவையில் அறிவித்தது இங்கே யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. சுவரில் எல்லாரும் ஓர் குலம் என்ற கருத்தில் ஒரு படம், கைகோத்து நிற்கும் பிள்ளைகள். அந்தப் படத்துக்குக் கீழேதான் முன்பாய்.

கண்ணுக்குத் தெரியாததைக் குழந்தை எப்படிக் கற்கிறது

இத்துறையில் உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்படும் ஆய்வு, அமெரிக்காவில் 1940-களில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற கருப்பின உளவியலாளர் தம்பதி செய்த பொம்மைச் சோதனை. மூன்று முதல் ஏழு வயதுக் கருப்பினக் குழந்தைகள் முன்னால் வெள்ளை, பழுப்பு நிறப் பொம்மைகளை வைத்துக் கேட்டபோது, பெரும்பாலானவர்கள் வெள்ளைப் பொம்மையைத்தான் நல்ல பொம்மை என்று எடுத்தார்கள். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில் அந்த ஆய்வும் இடம்பெற்றது. பிறகு 1989-ல் கலிபோர்னியாவைச் சேர்ந்த லூயிஸ் டெர்மன் ஸ்பார்க்ஸும் அவரோடு வேலை செய்த ஆசிரியைகளும் சேர்ந்து, சின்னக் குழந்தைகளின் வகுப்பறையில் பாகுபாட்டை எதிர்கொள்ள நான்கு இலக்குகளை வகுத்தார்கள். தன்னைப் பற்றிய தலைநிமிர்வு. வேறுபட்டவரோடு இயல்பாகப் பழகுவது. அநியாயத்தை அநியாயம் என்று அடையாளம் காண்பது. அதை எதிர்த்துச் சின்னதாக ஏதாவது செய்வது. குழந்தைக்கு எதுவும் தெரியாது, நாம் பேசினால்தான் விஷம் ஏறும் என்ற எண்ணத்தை அவர்கள் மறுத்தார்கள். குழந்தை பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. நாம் பேசாமல் விட்டால், தானே ஒரு விளக்கம் செய்துகொள்கிறது.

இது நமக்கும் பொருந்தும். ஆனால் அவர்கள் செய்முறையை அப்படியே தூக்கிவந்து தளியில் வைக்க முடியாது. நிறம் கண்ணுக்குத் தெரியும். சாதி தெரியாது. மூன்று வயதுப் பிள்ளைகள் இருபது பேரை நிற்கவைத்து யார் எந்தத் தெரு என்று கேட்டால் வெளியாள் யாராலும் சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் குழந்தை கற்க வேண்டுமென்றால் யாராவது அதைக் காட்ட வேண்டும். ஒரு சாண் மேலே எழும்பும் கரண்டிதான் காட்டுகிறது. தனி டம்ளர் காட்டுகிறது. ஒருவனுக்குத் தெலுங்கிலும் இன்னொருவனுக்குத் தமிழிலும் வரும் பதில் காட்டுகிறது. நம் வகுப்பறைகளில் இந்தப் பாடத்தை நடத்துவது பெரியவர்களின் கைகள். அதனால், "எல்லாரும் சமம்" என்று பாட்டுச் சொல்லிக் கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாதி இல்லை என்று சொல்லும் பாட்டை இதே பிள்ளைகள் இரண்டு பாயில் பிரிந்து உட்கார்ந்தபடி தலையாட்டிப் பாடியதைக் கேட்டிருக்கிறேன். ஏற்பாட்டை மாற்றாமல் பாட்டை மட்டும் மாற்றினால் குழந்தை ஏற்பாட்டைத்தான் நம்பும்.

பாயும் டம்ளரும்

டீச்சர் முதலில் மாற்றியது பாயை. இரண்டு பாயையும் சுருட்டி வைத்துவிட்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் பெரிய வட்டம் போட்டார். வட்டத்தைச் சுற்றிப் பட அட்டைகள்: யானை, மயில், பலா, மாம்பழம், மாட்டுவண்டி. வாசலில் ஒரு கூடையில் அதே படங்களின் ஜோடி. வரும்போதே ஒன்றை எடுத்து, அதன் ஜோடி இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். தாமதமாக வந்தாலும் முன்னால் இடம் கிடைக்கும், ஏனென்றால் முன் பின் என்பதே இல்லை. நாங்குநேரியில் 2023-ல் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்கள் சாதியின் பேரில் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், வகுப்பில் மாணவர்களை அகர வரிசைப்படி உட்காரவைக்கச் சொன்னது. அந்த யோசனைக்கு மூன்று வயதில் என்ன உருவம் கொடுக்கலாம் என்பதற்கு இந்தக் கூடை ஒரு விடை. யானை அட்டைக்குத்தான் எப்போதும் சண்டை.

டம்ளர் விஷயம் இவ்வளவு சுலபமாக முடியவில்லை. மையத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி எவர்சில்வர் டம்ளர், தட்டு வாங்க ஊராட்சித் தலைவர் உதவினார். வீட்டில் இருந்து கொண்டுவர வேண்டாம் என்று சொல்ல அன்னையர் கூட்டம் போட்டார்கள். சண்டை வராமல் இருக்க, "டம்ளர் மாறிப்போகுது, தொலைஞ்சுபோகுது, அதான்" என்று காரணம் சொல்லலாம் என்பது டீச்சரின் எண்ணம். கூட்டத்திலும் அப்படித்தான் ஆரம்பித்தார். ஓடைப்பக்கத்துத் தாய் ஒருவர் பின்னால் இருந்து கேட்டார்: "டீச்சரம்மா, அப்போ கழுவி ஒண்ணா அடுக்குறதா, இல்ல எங்க பிள்ளைங்களோடது தனியா அடுக்குறதா?"

கூட்டம் அடங்கியது. அதற்குமேல் தொலைந்துபோகும் கதை நிற்கவில்லை. டீச்சர் நேராகவே சொன்னார். ஒன்றாகத்தான் அடுக்குவோம், யார் குடித்த டம்ளர் என்று யாருக்கும் தெரியாது, தெரியக் கூடாது. தீண்டாமையை அரசியல் சட்டம் 17-வது பிரிவில் ஒழித்துவிட்டது, எந்த உருவத்தில் செய்தாலும் குற்றம். இந்தச் சாப்பாடு 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிமை, யாரும் யாருக்கும் போடும் பிச்சை இல்லை. கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது, அதனால் பால்வாடிக்கு எதுவும் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். இவ்வளவையும் குரல் உயர்த்தாமல் சொன்னார். கைகள் நடுங்கியதைப் பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன்.

இந்த இடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சுகாதாரம், வசதி என்று சுற்றிவளைத்துக் காரணம் சொல்லிச் சீர்திருத்தம் செய்வதைப் பல மையங்களில் பார்க்கிறேன். சில நாள் ஓடும். ஆனால் அந்தக் காரணம் அவமானப்பட்டவர்களுக்கு எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. அந்தத் தாய் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்ததால்தான் அடுத்த நாள் அவர் பிள்ளையைத் தானே கூட்டிக்கொண்டு வந்து உள்ளே வரை வந்தார். அதுவரை வாசல்படியோடு நின்றுவிடுவார்.

கூட்டத்துக்குப் பிறகு ஊர்த்தெருவின் ஒரு குடும்பம் பிள்ளையை நிறுத்திவிட்டது. வேனுக்குப் பணம் கட்டக் கடன் வாங்கியதாகக் கேள்வி. டீச்சர் வீட்டுக்குப் போய்ப் பேசினார், பலனில்லை. மற்றவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் அனுப்பினார்கள்.

புது டம்ளர் வந்த சில நாட்களில் நான்கரை வயதுப் பையன் ஒருவன் குடத்தடியில் நின்று, "அவங்க குடிச்சதுல குடிக்கக் கூடாதுன்னு எங்க அவ்வா சொல்லுச்சு" என்று சத்தமாகச் சொன்னான். ஆயா "ஷ்!" என்றார். டீச்சர் எழுந்து வந்தார். "அப்படியா, அவ்வா சொன்னாங்களா? வீட்டுல அவ்வா சொல்றது கேட்டுக்க. நம்ம பால்வாடியில எல்லாரும் எல்லா டம்ளர்லயும் குடிப்போம். கழுவியிருக்கு பாரு, சுத்தமா இருக்கு" என்று சொல்லி, மேலாக இருந்த ஒன்றை எடுத்துத் தண்ணீர் மொண்டு தானே குடித்தார். பிறகு, பக்கத்தில் நின்ற ஓடைப்பக்கத்துச் சிறுமியிடம் குனிந்து, "நீ இன்னைக்குத் தண்ணி ஊத்திக் கொடுக்கிறியா?" என்றார். அவ்வளவுதான். பையனைத் திட்டவில்லை, அவன் பாட்டியைக் குறைசொல்லவில்லை, பேச்சை அமுக்கவும் இல்லை. சொல்லப்பட்ட சொல்லைக் காதில் வாங்கிய அந்தச் சிறுமியை விட்டுவிடவும் இல்லை. இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். சொன்ன பிள்ளையைத் திருத்துவதிலேயே நம் கவனம் போய்விடுகிறது. சொல் யார்மேல் விழுந்ததோ அந்தப் பிள்ளை தனியாக நிற்கிறது. அந்த நாளில் இருந்து தண்ணீர் கொடுப்பது, தட்டு எடுத்துவைப்பது, கூட்டுவது, பாய் சுருட்டுவது எல்லாம் தினம் இரண்டு பேர் முறை. பையன் கூட்டினான், பெண்பிள்ளை பாய் சுருட்டினாள். அதுபற்றி எந்த வீட்டிலும் புகார் வரவில்லை.

பேசாத பிள்ளை

ஓடைப்பக்கத்தில் இருந்து மூன்றரை வயதுச் சிறுமி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். வாயே திறக்கமாட்டாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள், சில நாள் திரும்புவாள். பதிவேட்டில் அவளைப் பற்றி எழுதியிருந்தது: "தமிழ் தெரியாது, மந்தமாக இருக்கிறாள்." எல்லாரும் அதை நம்பினார்கள். கூலி வேலைக்குப் போகும் அவள் தாயும் நம்பினார்.

மொழி விஷயத்தில் டீச்சர் முடிவெடுத்து மாறியபோதுதான் இது உடைந்தது. தெலுங்கில் கேட்டால் தெலுங்கில் பதில், கன்னடத்தில் கேட்டால் தெரிந்த அளவு கன்னடத்தில், யாராக இருந்தாலும். பிறகு அதே சொல்லைத் தமிழில் ஒருமுறை சேர்த்துச் சொல்வது, "அதைச் சொன்னால்தான் தண்ணி" என்று நிபந்தனை போடாமல். தமிழில் வா, தெலுங்கில் ரா, கன்னடத்தில் பா. இந்த மூன்றையும் வைத்து வட்டத்தின் குறுக்கே ஓடிப்பிடிக்கும் விளையாட்டு ஒன்றைப் பிள்ளைகளே உண்டாக்கினார்கள். ஒடிசாப் பையன் தன் வீட்டுச் சொல்லையும் அதில் நுழைத்துவிட்டான். வாரக்கணக்கில் வாய் திறக்காத பிள்ளைகள் கதை நேரத்தில் குறுக்கே பேச ஆரம்பித்தார்கள்.

அந்தச் சிறுமி மட்டும் பேசவில்லை. தெலுங்கில் கூப்பிட்டாலும் திரும்பவில்லை. மொழி காரணமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தபோது வலது காதில் காய்ந்த சீழ். தாயைக் கேட்டால், "அது எப்பவும் வர்றதுதான், எண்ணெய் ஊத்துறேன்" என்றார்.

அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதிக்க 2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு வருகிறது. குழு வந்த நாளில் இந்தப் பிள்ளை வரவில்லை. தாய்க்குக் கூலி வேலை, கொண்டுவந்து விட ஆளில்லை. டீச்சர் அடுத்த வருகைக்குக் காத்திராமல் குழுவுக்குப் போன் செய்து பரிந்துரைச் சீட்டு வாங்கி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனைக்குத் தாயோடு தானும் போனார். இரண்டு காதிலும் நாள்பட்ட சீழ், கேட்கும் திறன் குறைந்திருக்கிறது, வலதில் அதிகம். இப்படிப்பட்ட காதில் கேட்கும் அளவு நாளுக்கு நாள் மாறும்; சளி பிடித்தால் இன்னும் குறையும். ஒரு நாள் கேட்டு மறுநாள் கேட்காத பிள்ளையைப் பார்ப்பவர்களுக்குக் கவனமில்லாத பிள்ளை என்றுதான் தோன்றும். எண்ணெய் ஊற்றக் கூடாது, குளிக்கும்போது தண்ணீர் போகக் கூடாது, சுத்தமான துணித்திரியால் ஒற்றிக் காதை உலர்வாக வைக்க வேண்டும், சொட்டு மருந்து இத்தனை நாள் என்று சொல்லி அனுப்பினார்கள். மருந்துக்குப் பிறகு சீழ் நின்றது. வட்டத்தில் அவள் இடதுகாது டீச்சர் பக்கம் இருக்கும்படி ஓர் இடம் நிரந்தரமாகக் கொடுத்தார்கள். அவளுக்கு மட்டும் கூடை கிடையாது. யானை அட்டையை அவளுக்கே கொடுத்துவிட்டார்கள், மற்ற பிள்ளைகளிடம் காரணமும் சொல்லி. "அவளுக்கு இந்தப் பக்கம்தான் நல்லாக் கேக்கும்" என்று பிள்ளைகள் அதன் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் கொடுத்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து அவள் சொன்ன முதல் சொல் எனக்குக் கிடைக்கவில்லை, நான் அங்கே இல்லை. டீச்சர் போனில் சொன்னார், பையனைப் பார்த்து "தள்ளு" என்றாளாம், தமிழில்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது, எல்லாரையும் உள்ளடக்கிய கல்வியைக் கடமையாக்குகிறது. ஆனால் ஒரு பிள்ளைக்குக் குறைபாடு இருக்கிறது என்று யாராவது சந்தேகப்பட்டால்தான் சட்டம் வேலைக்கு வரும். இவள் விஷயத்தில் அந்தச் சந்தேகம் எழவே இல்லை, ஏனென்றால் "அந்தப் பக்கத்துப் பிள்ளைங்க அப்படித்தான்" என்ற விளக்கம் முன்கூட்டியே தயாராக இருந்தது. ஊர்த்தெருப் பிள்ளை ஒன்று கூப்பிட்டுத் திரும்பாமல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே காதைப் பார்த்திருப்பார்கள். பாகுபாடு என்பது மனம் புண்படும் விஷயம் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் காதைத்தான் நான் எடுத்துச் சொல்வேன்.

கரண்டி

ஆயாவின் கையை எப்படி மாற்றுவது என்று டீச்சருக்கு ரொம்ப நாள் தயக்கம். ஆயா வயதில் மூத்தவர், ஊர்த்தெருக்காரர், பத்து வீட்டுக்கு உறவு. டீச்சர் அவரை அக்கா என்று கூப்பிடுகிறவர். மேற்பார்வையாளரிடம் சொல்லி விளக்கம் கேட்கவைக்கலாம் என்றும் ஒரு யோசனை இருந்தது. அது சட்டப்படி சரியான வழிதான், தேவைப்பட்டால் அதையும் செய்திருக்க வேண்டும். டீச்சர் வேறு விதமாகத் தொடங்கினார். "அக்கா, உங்களுக்கு முட்டி வலிக்குது. இனிமே நின்னுக்கிட்டுப் போட வேணாம். மணையில உட்காருங்க, பிள்ளைங்க வரிசையா உங்ககிட்ட வரட்டும்." குண்டானை நடுவில் வைத்து ஆயா உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தட்டை நீட்டினார்கள். உட்கார்ந்த கைக்கு மேலே எழும்ப இடம் இல்லை. தட்டு குண்டானின் விளிம்பில் சாய்ந்தது, கரண்டி எல்லாத் தட்டையும் தொட்டது. முதல் நாள் அவர் முகம் சுளித்ததைப் பார்த்தேன். சில வாரங்களில், சாதம் போதவில்லை என்றால் பிள்ளைகள் அவர் தோளைத் தட்டி "ஆயா, இன்னும்" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், எந்தத் தெருப் பிள்ளை என்று பார்க்காமல்.

பிறகு டீச்சர் ஒரு நாள் இதைப் பற்றி அவரிடம் வாய்விட்டே பேசினார். டம்ளர் விஷயத்தில் கற்ற பாடம் அது. ஏற்பாட்டோடு நிறுத்திவிடக் கூடாது. ஆயா மறுக்கவில்லை. "இங்க சரி டீச்சர். பிள்ளைங்கதானே. எங்க வூட்டுல அது வேற" என்றார். அவருடைய நிலை அதுதான், அதை மிகைப்படுத்தி மனமாற்றம் என்று எழுத நான் தயாரில்லை.

நிறம் பற்றிச் செய்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வண்ணப்பெட்டியில் வெளிர்ரோஸ் குச்சியைத்தான் பிள்ளைகள் முகத்துக்கு எடுத்தார்கள், அந்த நிறத்தில் அங்கே ஒருவரும் இல்லாதபோதும். டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிப்போய் ஓடைக்கரை மண், செம்மண், கல்குவாரிப் பக்கத்துச் சாம்பல் மண் என்று அள்ளிவந்து, நீரில் குழைத்துக் கையில் பூசிப் பார்க்கச் சொன்னார். யார் கைக்கு எந்த மண் சேருகிறது என்று தேடுவதில் அரைநாள் போனது. ராகி மாவும் கொஞ்சம் சேர்த்துத் தன் நிறத்தை ஒருத்தி கொண்டுவந்துவிட்டாள், காக்கா வேஷம் போட்டுவந்த அதே சிறுமி. அந்த மண்ணால் எல்லாரும் தங்கள் முகத்தை வரைந்தார்கள். காக்கா வேஷத்தை இப்போது சீட்டுக் குலுக்கிக் கொடுக்கிறார்கள்.

மாறியதும் மாறாததும்

மையத்துக்குள் உட்காரும் இடம், தண்ணீர், சாப்பாடு, பதில் சொல்லும் மொழி, இந்த நான்கும் ஆண்டு முடிவில் மாறியிருந்தன, நான் போகாத நாட்களிலும் அப்படியே இருந்ததாக ஓடைப்பக்கத்துத் தாய்மார் சொன்னார்கள். அவர்கள் சாட்சியைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பாயும் டம்ளரும் பற்றி முதலில் இருந்தே தெரிந்தவர்கள் அவர்கள். யாரும் அவர்களைக் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

வெளியே மாறவில்லை. மாலையில் பிள்ளைகள் ஒன்றாகக் கிளம்பிக் கோயில் முக்குவரை வந்து பிரிகிறார்கள். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் விளையாடப் போவதில்லை. ஓடைப்பக்கத்தில் நடந்த ஒரு பிறந்தநாளுக்குக் கூப்பிட்டும் ஊர்த்தெருவில் இருந்து யாரும் போகவில்லை; மறுநாள் அந்தப் பிள்ளை வட்டத்தில் எல்லாரிடமும் ஏன் என்று கேட்டது. அதற்கு டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் பதில் எதுவும் இல்லை. "நான் வந்திருக்கணும்" என்று டீச்சர் சொன்னார். அதற்கடுத்த வாரம் அந்த வீட்டுக்குப் போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தார். ஊர்த்தெருவுக்கு அது தெரிந்தது.

பயிற்சி கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சமத்துவம் பற்றிய அரைமணி நேர வகுப்பை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக ஒவ்வொரு டீச்சரும் பக்கத்து மையத்துக்குப் போய் ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்தை முழுமையாகப் பார்த்து எழுதட்டும். யார் கையில் முட்டை, யார் தட்டில் முட்டை என்று மட்டும் எழுதினால் போதும். தன் மையத்தில் கண்ணில் படாதது அடுத்தவர் மையத்தில் படும். அங்கன்வாடிகளில் மாதந்தோறும் ஒரு கருப்பொருள் வைத்து நடக்கும் 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' பாடத்திட்டத்தில் இதற்கு இடமிருக்கிறது. குடும்பம், உடல், உணவு என்று எந்தக் கருப்பொருளிலும் வீட்டு மொழிகளையும் எல்லா வீட்டுச் சாப்பாட்டையும் கொண்டுவரலாம். தனிப் பாடவேளை எதுவும் வேண்டாம்.

ஜூனில் ஐந்து வயது முடிந்த பிள்ளைகள் பக்கத்துத் தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குப் போகிறார்கள். டீச்சர் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் எழுதி அந்தப் பள்ளியின் ஆசிரியையிடம் கொடுத்திருக்கிறார்: வீட்டில் பேசும் மொழி, பிடித்த விளையாட்டு, கவனிக்க வேண்டியவை. "மந்தம்" என்ற சொல் எதிலும் இல்லை. காது சரியில்லாத சிறுமி இன்னும் பால்வாடியில்தான் இருக்கிறாள். அவளுக்கு மறுபரிசோதனை இருக்கிறது. மழைக்காலத்தில் சீழ் மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆயா விரைவில் ஓய்வு பெறுகிறார். அவர் இடத்துக்கு ஓடைப்பக்கத்துப் பெண் ஒருவரும் விண்ணப்பித்திருக்கிறார், அன்னையர் கூட்டத்தில் டம்ளரை எப்படி அடுக்குவீர்கள் என்று கேட்ட அதே தாய். 2018-ல் திருப்பூர் மாவட்டத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் பள்ளிச் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊர்க்காரர்கள் தடுத்ததும், அது வழக்கானதும் டீச்சருக்குத் தெரியும். அவருக்கு வேலை கிடைத்தால் ஊர்த்தெருவில் எத்தனை வீடு பிள்ளையை அனுப்பும் என்று இப்போதே பேச்சு கிளம்பிவிட்டது. நியமன ஆணை வந்து, சண்டையும் வந்தபிறகு கூட்டம் போடுவதைவிட, ஆணைக்கு முன்பே அன்னையர் கூட்டத்தைக் கூட்டிச் சட்டத்தையும் விதியையும் சொல்லிவிட வேண்டும், அதில் வட்டார அலுவலரும் வந்து உட்கார வேண்டும் என்று டீச்சர் எழுத்துமூலம் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.